பற்றீரியாவும் பங்கசும்: எந்தக் கிருமிக்கு எந்த மருந்து?



இந்த இதழின் உடல்நலப் பாடத்தில் பற்றீரியா, பங்கசு என்னும் இருவகைக் கிருமிகளின் வேறுபாட்டைப் பார்ப்போம். "இது பள்ளிக்கூடத்தில படிச்சு மறந்த விசயம். வழக்குப் போட்டுவிட்டுக் காத்திருக்கிற எங்களுக்கு இப்ப என்னத்துக்கு?" என்று சிலர் நினைக்கலாம். இந்த வேறுபாடு தெரியாததால் பொருந்தாத மருந்தைப் போட்டு, வருத்தத்தைக் கூட்டிக்கொள்பவர்கள் பலர். அதனால்தான் இந்தப் பாடம்.

ஓர் உதாரணம் பாருங்கள். நாலு பேர் சேர்ந்து இருக்கிற ஒரு வீடு. ஒருவருக்குத் தொடையிடுக்கில் வட்டமாக ஒரு தடிப்பு. இரவில் ஒரே கடி. வைத்தியரிடம் போக வெட்கம், ஆங்கிலமும் வராது. அறை நண்பர், "இந்தா, ஊரிலயிருந்து கொண்டுவந்த நல்ல குளிசை இருக்கு. மூன்று நாள் போடு, எல்லாம் சரியாகும்" என்று அமொக்சிசிலின் குளிசையைக் கொடுக்கிறார். கடி குறையவில்லை. அடுத்த அறைக்காரர் ஒரு பூச்சு மருந்து கொடுக்கிறார். பூசிய மறுநாளே சுகம் வந்த மாதிரி இருக்கிறது. ஆனால் பத்து நாள் கழித்து அந்த வட்டம் முன்பைவிடப் பெரிதாக வருகிறது.

இதில் ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. குளிசையும் போலிக் குளிசை அல்ல. ஆனால் அந்தக் குளிசை பற்றீரியாவுக்கு உரியது, வந்திருந்ததோ பங்கசு. முன்கதவுத் திறப்பால் பின்கதவைத் திறக்கப் பார்த்த கதைதான். பூச்சு மருந்து ஏன் இரண்டு நாள் சுகம் தந்து பிறகு ஏமாற்றியது என்பதைக் கீழே பார்ப்போம்.

கிருமிகள் எல்லாம் ஒன்றல்ல

நாங்கள் பேச்சில் எல்லாவற்றையும் "கிருமி" என்றே சொல்கிறோம். ஆனால் நோய் தருகிற கிருமிகளில் முக்கியமாக மூன்று வகை உண்டு. பற்றீரியா, பங்கசு, வைரசு. இந்தியத் தமிழில் பற்றீரியாவைப் பாக்டீரியா என்றும் பங்கசைப் பூஞ்சை என்றும் எழுதுவார்கள். பெயர்தான் வேறு, பொருள் ஒன்று.

வைரசு மிகச் சிறியது. அது தானாக வாழாது. வேறோர் உயிரின் கலத்துக்குள் புகுந்துதான் பெருகும். தடிமன், புளூக் காய்ச்சல், டெங்கு, கொரோனா எல்லாம் வைரசினால் வருபவை. இந்தப் பாடம் மற்ற இரண்டையும் பற்றியது என்பதால் வைரசை இத்தோடு விடுவோம். ஆனால் ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். பற்றீரியாவைக் கொல்லும் மருந்து வைரசுக்கும் வேலை செய்யாது. தடிமனுக்கு வைத்தியர் அன்ரிபயோற்றிக் தராமல் அனுப்பினால், "இந்த நாட்டு டொக்டர்மார் பரசிற்றமோலைத் தவிர ஒன்றும் தரமாட்டினம்" என்று எங்கள் சனம் குறைப்படுவது வழக்கம். அங்கே அவர் செய்தது சரியான வேலைதான்.

பற்றீரியா என்றால் என்ன?

பற்றீரியா ஒரே ஒரு கலத்தால் ஆன உயிர். ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் பங்காகப் பிரித்தால், அதில் ஒன்றிரண்டு பங்கு நீளம்தான் பெரும்பாலான பற்றீரியாவுக்கு இருக்கும். கண்ணால் பார்க்க முடியாது, நுணுக்குக்காட்டி வேண்டும். எங்கள் உடம்பில் உள்ள கலங்களுக்குள் கரு என்று ஒரு தனியறை இருக்கிறது. பரம்பரைத் தகவல்கள் அதற்குள் பத்திரமாக இருக்கும். பற்றீரியாவில் அப்படித் தனிக் கரு கிடையாது. ஒற்றை அறை வீடு மாதிரி, எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கும்.

அது பெருகுவது இரண்டாகப் பிரிந்துதான். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும், நாலு எட்டாகும். குடலில் வாழும் ஈ-கோலை என்ற பற்றீரியா, சூடும் சாப்பாடும் நல்லாகக் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 மணித்தியாலத்தில் 24 தடவை பிரிந்தால், ஒன்று 1 கோடியே 60 இலட்சத்துக்கும் மேலாகிவிடும். பற்றீரியாவால் வரும் சில வருத்தங்கள் காலையில் சின்ன வலியாகத் தொடங்கி இரவுக்குள் கடுங்காய்ச்சலாவது இதனால்தான்.

பங்கசு என்றால் என்ன?

பங்கசு செடி அல்ல. அதற்குப் பச்சையம் இல்லை, வெயிலில் உணவு தயாரிக்கத் தெரியாது. ஏற்கனவே உள்ள பொருளை உக்கவைத்துத்தான் சாப்பிடும். காளான், பாணில் பூக்கிற பூஞ்சணம், மா புளிக்கப் போடுகிற ஈஸ்ற் எல்லாமே பங்கசுதான்.

பங்கசின் கலத்துக்குள் எங்களுடையதைப் போலவே கரு உண்டு. இங்கேதான் பலர் ஆச்சரியப்படுவார்கள். உயிர்களின் உறவுமுறையைப் பார்த்தால் பங்கசுக்கு நெருங்கிய சொந்தம் பற்றீரியா அல்ல, செடியும் அல்ல. விலங்குகளும் மனிதரும்தான். தூரத்து ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து விசயத்தில் இது பெரிய சிக்கலைத் தருகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

ஈஸ்ற் போன்ற பங்கசு ஒற்றைக் கலமாக இருக்கும். மற்றவை நூல்போன்ற இழைகளாக வளர்ந்து, பொருளுக்குள் ஊடுருவி ஓடும். நாங்கள் மேலே காணும் பச்சை, கறுப்புத் தூள், வித்திகள் நிறைந்த பகுதி. அந்த வித்திகள் காற்றில் பறந்து, ஈரமான இடம் கண்டதும் முளைக்கும். பங்கசு பொதுவாக மெல்ல வளரும். ஆனால் விட்டால் மெல்லவே போகும்.

குசினியில் இருக்கும் உதாரணங்கள்

இரண்டும் கெட்டவை என்று நினைக்கக்கூடாது. எங்கள் குசினியையே பாருங்கள். பாலைத் தயிராக்குவது பற்றீரியா. உறை போடும்போது நாங்கள் ஊற்றுவது கோடிக்கணக்கான பற்றீரியாவைத்தான். பாண் பொங்குவது ஈஸ்ற் என்ற பங்கசினால். அப்பத்துக்குக் கள்ளு விட்டு மா புளிக்கவைப்பதும் கள்ளில் உள்ள ஈஸ்றை நம்பித்தான். தோசை, இட்டலி மா புளிப்பது பெரும்பாலும் பற்றீரியாவின் வேலை, ஈஸ்றும் கூட நிற்கும்.

எங்கள் தோலிலும் வாயிலும் குடலிலும் இரண்டும் எப்போதும் வாழ்கின்றன. ஒன்றையொன்று அடக்கி வைத்திருப்பதால் எங்களுக்குச் சுகம். அந்தச் சமநிலை குழம்பும்போதுதான் வருத்தம்.

வேறுபாடு, சுருக்கமாக

1. கரு: பற்றீரியாவில் தனிக் கரு இல்லை. பங்கசில் உண்டு.
2. அளவு: பற்றீரியா மிகச் சிறியது. ஈஸ்ற் கலம் அதைவிடப் பல மடங்கு பெரியது. பூஞ்சணமும் காளானும் கண்ணுக்கே தெரியும்.
3. உடலமைப்பு: பற்றீரியா எப்போதும் தனித்தனிக் கலம், சில சங்கிலியாக ஒட்டி நிற்கும். பங்கசு ஒற்றைக் கலமாகவும் இருக்கும், இழையாகவும் வளரும்.
4. சுவர்: இரண்டுக்கும் கலத்தைச் சுற்றிச் சுவர் உண்டு. ஆனால் சுவர் கட்டிய பொருள் வேறு. பங்கசின் சுவரில் கைற்றின் இருக்கிறது. இறால், நண்டின் ஓட்டில் உள்ளதும் அதே பொருள்தான். பற்றீரியாவின் சுவரில் அது இல்லை, வேறொரு பொருள்.
5. பெருக்கம்: பற்றீரியா இரண்டாகப் பிரியும். பங்கசு வித்திகளால் பரவும், ஈஸ்ற் அரும்பு விட்டுப் பெருகும்.
6. மருந்து: பற்றீரியாவுக்கு அன்ரிபயோற்றிக். பங்கசுக்குப் பங்கசு எதிர்ப்பு மருந்து. ஒன்றுக்கு மற்றது உதவாது.

ஆறாவதுதான் இந்தப் பாடத்தின் உயிர். அது ஏன் என்று பார்ப்போம்.

மருந்து ஏன் மாறுகிறது?

1928 செப்ரெம்பரில், லண்டன் படிங்ரன் பகுதியில் உள்ள சென்ற் மேரிஸ் ஆஸ்பத்திரியில் அலெக்சாண்டர் பிளெமிங் என்ற ஆய்வாளர் விடுமுறை முடிந்து தன் மேசைக்கு வந்தார். பற்றீரியா வளர்த்து வைத்திருந்த ஒரு தட்டில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அதைச் சுற்றி இருந்த பற்றீரியா செத்துக் கரைந்து, அந்த இடம் வெறுமையாக இருந்தது. அந்தப் பங்கசு சுரந்த பொருளுக்குத்தான் பெனிசிலின் என்று பெயர் வைத்தார்.

அதை மருந்தாக்கியவர்கள் ஒக்ஸ்ஃபோர்ட்டில் இருந்த புளோரி, செயின் ஆகியோரும் அவர்களோடு வேலை செய்தவர்களும். 1941 பெப்ரவரியில், முகமெல்லாம் பற்றீரியாத் தொற்றுப் பரவிச் சாகக் கிடந்த ஒரு பொலிஸ்காரருக்கு அதை ஏற்றினார்கள். சில நாளில் தேறத் தொடங்கினார். ஆனால் கையில் இருந்த மருந்து முடிந்துவிட்டது. தொற்றுத் திரும்பி வந்து மார்ச் மாதம் இறந்துபோனார். இன்று எங்கள் பையில் சாதாரணமாகக் கிடக்கும் குளிசைக்கு அன்று அவ்வளவு தட்டுப்பாடு.

இப்போது யோசித்துப் பாருங்கள். பெனிசிலின் என்பது ஒரு பங்கசு பற்றீரியாவுக்கு எதிராகச் செய்த ஆயுதம். பற்றீரியா தன் சுவரைக் கட்டவிடாமல் அது தடுக்கும், சுவர் பலமிழந்து பற்றீரியா வெடித்துச் சாகும். பங்கசின் சுவர் வேறு பொருளால் ஆனது. ஆகவே பெனிசிலினும் அதே குடும்பத்து அமொக்சிசிலினும் பங்கசை ஒன்றும் செய்யமாட்டா. எத்தனை குளிசை போட்டாலும், எவ்வளவு "பவர்" கூடினாலும் இதுதான் நிலைமை.

பங்கசுக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. பங்கசு எங்களுக்குத் தூரத்துச் சொந்தம் என்று மேலே சொன்னோம். அதைக் கொல்லும் பல பொருட்கள் எங்கள் கலங்களையும் தாக்கும். அதனால்தான் பங்கசு மருந்து வகைகள் குறைவு. ஆனால் ஒரு வித்தியாசம் கைகொடுத்தது. எங்கள் கலத்தின் மெல்லிய தோலில் கொலஸ்ரரோல் இருக்கிறது. பங்கசில் அதற்குப் பதிலாக எர்கொஸ்ரரோல் என்ற பொருள் இருக்கிறது. பாமசியில் கிடைக்கும் குளொற்றிமசோல் களிம்பு பங்கசை எர்கொஸ்ரரோல் செய்யவிடாமல் தடுக்கிறது. அந்த மருந்து பற்றீரியாவின் சுவரைத் தொடாது. ஆகவே சிறுநீர்த் தொற்றுக்கு அது உதவாது.

நல்ல மருந்து, கெட்ட மருந்து என்பதல்ல கேள்வி. பொருந்துகிற மருந்தா, பொருந்தாத மருந்தா என்பதுதான் கேள்வி.

எந்த வருத்தம் எதனால்?

பற்றீரியாவால் வருபவை: காசநோய், நெருப்புக் காய்ச்சல், எலிக்காய்ச்சல், பெரும்பாலான சிறுநீர்த் தொற்றுகள், சீழ் பிடித்த புண், தோல் சிவந்து வீங்கிச் சூடாகும் தொற்று. தொண்டை நோ சிலவேளை பற்றீரியாவால் வரும், ஆனால் பெரும்பாலும் வைரசினால்.

பங்கசால் வருபவை: படர்தாமரை, தேமல், கால்விரல் இடுக்கில் தோல் வெளுத்து வெடித்துக் கடிக்கும் சேற்றுப்புண், நகம் தடித்து மஞ்சளாவது, வாயில் வெள்ளை படிவது, பெண்களுக்குக் கடியோடு தயிர்போல் வெள்ளைபடுவது.

இதை வைத்து நீங்களே வைத்தியம் பார்க்கச் சொல்லவில்லை. ஒரே மாதிரித் தோன்றும் தடிப்பு இரண்டு காரணத்தால் வரலாம். தேவைப்பட்டால் வைத்தியர் தோலைச் சற்றுச் சுரண்டி ஆய்வுக்கு அனுப்பித்தான் கண்டுபிடிப்பார்.

காசநோய் பற்றி ஒரு வார்த்தை. மூன்று வாரத்துக்கு மேல் இருமல், இரவில் வியர்வை, மெலிவு, காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். பிரித்தானியாவில் காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் எல்லோருக்கும் இலவசம். உங்கள் வழக்கு எந்த நிலையில் இருந்தாலும் சரி. இந்த வருத்தம் இருப்பதால் புகலிட விண்ணப்பத்துக்குப் பாதிப்பு இல்லை. மருந்து வழமையாக 6 மாதம். இடையில் நிறுத்தக்கூடாது.

அடிக்கடி நடக்கும் நான்கு பிழைகள்

முதலாவது, குளிசையைப் பகிர்வது. ஒருவருக்குக் கொடுத்த அன்ரிபயோற்றிக்கை மற்றவர் போடக்கூடாது. சிலருக்குப் பெனிசிலின் ஒவ்வாது, மூச்சு முட்டி உயிருக்கே ஆபத்தாகலாம். தேவையில்லாமல் போட்டால் பற்றீரியாவும் மருந்துக்குப் பழகிவிடும். நாளைக்கு உண்மையில் தேவைப்படும்போது வேலை செய்யாது. வைத்தியர் தந்ததைச் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை போடுங்கள். மிச்சம் இருந்தால் வைத்திருக்காமல் பாமசியில் கொடுங்கள்.

இரண்டாவது, அன்ரிபயோற்றிக்கால் பங்கசு கூடுவதை அறியாதிருப்பது. குளிசை கெட்ட பற்றீரியாவோடு நல்ல பற்றீரியாவையும் கொல்லும். காவலாளி போன வீட்டில் பங்கசு குடிபுகும். அன்ரிபயோற்றிக் போட்ட பெண்கள் சிலருக்குக் கடியும் வெள்ளைபடுதலும் வருவது இப்படித்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சுத்தமில்லாததால் வருவதும் இல்லை. முதல் தடவை வந்தால், அல்லது கர்ப்பிணியாக இருந்தால், வைத்தியரிடம் கேளுங்கள். பெண் வைத்தியரையும் பெண் மொழிபெயர்ப்பாளரையும் நீங்கள் கேட்கலாம்.

மூன்றாவது, ஸ்ரெரோயிட் களிம்பு பூசுவது. எங்கள் உதாரணத்தில் அடுத்த அறைக்காரர் கொடுத்தது இதுதான். பீற்றாமெதசோன் போன்ற ஸ்ரெரோயிட் கிருமியைக் கொல்லாது. உடம்பின் எதிர்ப்பை மட்டும் அடக்கும். சிவப்பும் கடியும் குறையும், சுகம்போல் தெரியும். ஆனால் எதிர்ப்பு இல்லாத தோலில் பங்கசு வசதியாகப் பரவும். முகம் வெள்ளையாக என்று விற்கும் சில களிம்புகளிலும் ஸ்ரெரோயிட் உண்டு. வைத்தியர் சொல்லாமல் இவற்றைப் படர்தாமரைக்குப் பூசவேண்டாம்.

நான்காவது, பங்கசு மருந்தை இடையில் நிறுத்துவது. பங்கசு மெல்ல வளரும், மெல்லத்தான் சாகும். கடி நின்றவுடன் களிம்பை நிறுத்தினால் திரும்பி வரும். பெட்டிக்குள் உள்ள தாளில் எத்தனை வாரம் என்று போட்டிருக்கும், பாமசிக்காரரும் சொல்லுவார். தலையில் வரும் படர்தாமரைக்குக் களிம்பு மட்டும் போதாது. வைத்தியர் தரும் உள்மருந்து வேண்டும்.

ஒன்று மற்றதற்குக் கதவு திறக்கும்

குளிர் நாட்டில் நாள் முழுக்கச் சப்பாத்தும் மேஸும் போட்டிருக்கிறோம். மழையில் நனைந்த சப்பாத்தை மறுநாளும் போடுகிறோம். கால்விரல் இடுக்கில் பங்கசு வர இது போதும். "சும்மா கடிதானே" என்று விட்டால் தோல் வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாகப் பற்றீரியா உள்ளே போய், கால் வீங்கிச் சூடாகி, காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வரலாம். சீனி வருத்தம் உள்ளவர்கள் மிகக் கவனம்.

ஆகவே குளித்தபின் விரல் இடுக்கை நல்லாகத் துடையுங்கள். துவாயைப் பகிரவேண்டாம். பொதுக் குளியலறையில் செருப்புப் போடுங்கள். மேஸைத் தினமும் மாற்றுங்கள்.

சுவரில் கறுப்பாகப் பிடிப்பது

வீட்டுச் சுவரில், யன்னல் ஓரத்தில் கறுப்பாகப் பிடிப்பதும் பங்கசுதான். ஈரம் இருந்தால் வரும், ஈரம் போனால் வளராது. அதனால் வரும் இருமல், முட்டு, மூக்கடைப்புக்குப் பெரும்பாலும் காரணம் நெஞ்சுக்குள் கிருமி வளர்வதல்ல. வித்திகளை மூச்சோடு இழுப்பதால் ஏற்படும் ஒவ்வாமையும் எரிச்சலும்தான். ஆகவே இதற்கு அன்ரிபயோற்றிக் தீர்வு அல்ல, சுவர் காய்வதுதான் தீர்வு. குழந்தைகள், முதியோர், முட்டு வருத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்துக் கூட.

இது சின்ன விசயம் அல்ல. வட இங்கிலாந்தில் றொச்டேல் என்ற ஊரில், சூடானிலிருந்து வந்த பெற்றோரின் பிள்ளை அவாப் இஷாக், 2020 டிசெம்பரில் இரண்டு வயதில் இறந்தான். வீட்டில் நெடுங்காலம் இருந்த பூஞ்சணத்தைச் சுவாசித்ததால் வந்த மூச்சு நோயே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். தகப்பன் 2017 இலேயே முறையிட்டிருந்தார். அதன்மேல் பெயின்ற் அடிக்கும்படிதான் அவருக்குச் சொல்லப்பட்டது. பெயின்ற் அடித்தால் கறை மறையும், பங்கசு சாகாது.

அந்தப் பிள்ளையின் பெயரில் வந்த அவாப் சட்டம் 2025 ஒக்ரோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீடுகளில் நடைமுறைக்கு வந்தது. ஆபத்தான ஈரமும் பூஞ்சணமும் பற்றி முறையிட்டால் வீட்டு நிறுவனம் 10 வேலை நாட்களுக்குள் வந்து பார்க்கவேண்டும். உடனடி ஆபத்தென்றால் 24 மணித்தியாலத்துக்குள் சரிசெய்ய வேண்டும். உள்துறை அமைச்சு தரும் புகலிட வீடுகளும் ஹோட்டல்களும் இந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. ஆனாலும் பழுது பார்ப்பது வீடு தந்த ஒப்பந்த நிறுவனத்தின் பொறுப்பு. அங்கே இருப்பவர்கள் மைக்கிரன்ற் ஹெல்ப் என்ற அமைப்பின் இலவசத் தொலைபேசி 0808 8010 503 இல் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டு முறையிடலாம். படம் எடுங்கள், திகதி எழுதுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். பிள்ளைக்கு முட்டு இருந்தால் வைத்தியரிடம் கடிதம் கேளுங்கள். முறையிட்டால் வழக்குக் கெடும் என்று பயந்து பேசாமல் இருக்கவேண்டாம். முறையிடுவது உங்கள் உரிமை.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது: சமைக்கும்போது சட்டியை மூடி யன்னலைச் சற்றுத் திறவுங்கள். உடுப்பை அறைக்குள் காயப்போடுவதைக் குறையுங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். துடைக்கும்போது கையுறையும் முகக்கவசமும் போட்டு ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்தபடி தேய்த்தால் வித்திகள் பறக்கும். பிளீச்சை வேறு எந்தத் துப்புரவு மருந்தோடும் கலக்கவேண்டாம், நச்சுப் புகை வரும்.

சாப்பாட்டில் கவனம்

பாணில் ஒரு மூலையில் பூஞ்சணம் கண்டால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடக்கூடாது. இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். முழுவதையும் எறியுங்கள்.

பற்றீரியாவோ கண்ணுக்குத் தெரியாது. பூஞ்சணம் இல்லை, மணமும் நல்லது என்பதற்காகச் சாப்பாடு பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. சோற்றில் ஒரு வகைப் பற்றீரியாவின் வித்தி அவித்தாலும் சாகாது. ஹீற்றர் போட்ட அறையில் இரவு முழுக்கச் சோறு இருந்தால் அது பெருகி நஞ்சைச் சுரக்கும். பிறகு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. மிஞ்சிய சோற்றை ஒரு மணித்தியாலத்துக்குள் ஆறவைத்து ஃபிறிட்ஜில் வையுங்கள், 24 மணித்தியாலத்துக்குள் சாப்பிடுங்கள்.

யாரிடம் போவது, என்ன கேட்பது?

முதலில் பாமசி. காசு கேட்கமாட்டார்கள், பதிவும் தேவையில்லை. தனியறையில் கதைக்கலாம். பங்கசுக் களிம்பு சீட்டு இல்லாமல் வாங்கலாம். இங்கிலாந்தில் 2024 ஜனவரி முதல் தொண்டை நோ, காதுக்குத்து, பெண்களின் சிறுநீர்த் தொற்று உட்பட ஏழு வருத்தங்களுக்கு, தேவையென்றால் பாமசிக்காரரே மருந்து தரலாம். வயது வரம்புகள் உண்டு.

ஜி.பி. வைத்தியரிடம் பதிவது எல்லோருக்கும் இலவசம். அடையாள அட்டையோ முகவரிச் சான்றோ இல்லை என்பதற்காக மறுக்கக்கூடாது. மொழிபெயர்ப்பாளருக்கும் காசு இல்லை. பதியும்போதே "தமிழ் இன்ரர்பிறிற்றர் பிளீஸ்" என்று சொல்லுங்கள். மருந்துச் சீட்டுக்கு இங்கிலாந்தில் கட்டணம் உண்டு. புகலிட உதவி பெறுபவர்கள் எச்.சி.2 சான்றிதழைக் காட்டினால் கட்டத் தேவையில்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் எச்.சி.1 படிவம் நிரப்பவேண்டும். எங்கள் அலுவலகத்தில் நிரப்பித் தருவோம். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் சீட்டு மருந்து எல்லோருக்கும் இலவசம்.

வைத்தியரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இஸ் இற் பக்ரீரியல், ஃபங்கல் ஓர் வைரல்?" அதாவது, இது பற்றீரியாவா, பங்கசா, வைரசா? ஊரிலிருந்து கொண்டுவந்த மருந்து எதையாவது போட்டிருந்தால் அதன் பெட்டியையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஏசமாட்டார்கள். தெரிந்தால்தான் சரியாகப் பார்க்கலாம்.

உடனே உதவி தேடவேண்டியவை: சிவப்பு அல்லது வீக்கம் வேகமாகப் பரவினால், காய்ச்சலோடு நடுக்கம் வந்தால் 111 ஐ அழையுங்கள். கறுத்த தோலில் சிவப்புத் தெரியாமல் இருக்கலாம். சூட்டையும் நோவையும் பாருங்கள். மூச்செடுக்க முடியாவிட்டால், அறிவு தடுமாறினால், கண்ணாடிக் கிளாசால் அமத்தினாலும் மறையாத புள்ளிகள் வந்தால் 999.

உங்களைச் சோதித்துப் பாருங்கள்

1. தயிர், பாண்: எது பற்றீரியாவால், எது பங்கசால்?
2. படர்தாமரைக்கு அமொக்சிசிலின் ஏன் வேலை செய்யாது?
3. களிம்பு பூசியதும் கடி நின்றது. பங்கசு செத்துவிட்டதா?
4. சுவர்ப் பூஞ்சணத்துக்குப் பெயின்ற் அடித்தால் போதுமா?

விடைகள்: 1. தயிர் பற்றீரியாவால், பாண் பங்கசால். 2. அது பற்றீரியாவின் சுவரைத்தான் தாக்கும், பங்கசின் சுவர் வேறு பொருள். 3. சொல்ல முடியாது. ஸ்ரெரோயிட் என்றால் சாகவே இல்லை, பங்கசு மருந்தென்றாலும் சொன்ன வாரங்கள் பூசவேண்டும். 4. போதாது, ஈரத்தை நிறுத்தவேண்டும்.

இந்தத் தாளை வாசித்து முடித்ததும் குசினியில் ஒட்டிவிடுங்கள். வாசிக்க இயலாதவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.